வெண்டையைத் தாக்கும் பூச்சிகளும் அவற்றை அடக்கும் வழிகளும்

(ஊராட்சி மன்ற உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக் கொண்டுள்ள பொருள் வெண்டைப் பயிர். நெல்லையும் கரும்பையும் பற்றிப் பேசப் பல கூட்டங்கள் நடக்கின்றன. வெண்டையைப் பற்றிப் பேச ஒரு கூட்டம் வேண்டுமா என்று சிலர் எண்ணலாம். அரை ஏக்கரும் கால் ஏக்கரும் வைத்திருக்கும் சிறு விவசாயியைக் கேட்டால் அதன் அருமை விளங்கும். விதைத்த 40, 45 நாட்களில் முதற் காய் பறிக்கலாம். அதன்பின் ஒரு நாள் விட்டு ஒரு நாள் கூடை நிறையும். கையில் காசு புரளும். மூன்று மாதத்தில் பயிர் முடிந்து நிலம் அடுத்த பயிருக்குத் தயாராகிவிடும். வீட்டுச் செலவைச் சமாளிக்க இதைப் போல் உதவும் பயிர்கள் சிலவே.

ஆனால் நாள் தவறாமல் காய் பறிக்கும் இந்த வசதியிலேயே ஒரு பெரிய அபாயமும் அடங்கியிருக்கிறது. நெல்லுக்குத் தெளித்த மருந்து, அறுவடைக்குள் வெயிலிலும் மழையிலும் பெரும்பாலும் சிதைந்துவிட அவகாசம் உண்டு. வெண்டைக்கு இன்று மாலை மருந்து தெளித்து நாளைக் காலை காய் பறித்தால், அந்த மருந்து அப்படியே சந்தைக்குச் சென்று ஒரு குழந்தையின் தட்டில் விழுகிறது. அது அயலார் வீட்டுக் குழந்தையாகவும் இருக்கலாம், நம் வீட்டுக் குழந்தையாகவும் இருக்கலாம். ஆகவே வெண்டையில் பூச்சியை அடக்குவது விளைச்சலைக் காக்கும் காரியம் மட்டுமன்று. உண்போரைக் காக்கும் காரியமும் ஆகும். இவ்விரண்டையும் சேர்த்துச் செய்யும் வழி எது என்பதே நம் முன்னுள்ள கேள்வி.

ஒரு குடும்பத்துப் பயிர்கள்

வெண்டை, பருத்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. வீட்டு வாசலில் பூக்கும் செம்பருத்தி, குளக்கரையில் நிழல் தரும் பூவரசு, புளிச்சைக் கீரை, வரப்பிலும் தரிசிலும் தானே முளைக்கும் துத்தி, மலைப் பகுதிப் பூங்காக்களில் அழகுக்காக வளர்க்கும் ஹாலிஹாக் என்னும் பூச்செடி ஆகிய யாவும் இக்குடும்பத்தவையே. மனிதரில் பங்காளிகள் உறவு கொண்டாடுவது போல, பூச்சிகளும் இச்செடிகளிடையே உறவு கொண்டாடுகின்றன. பருத்தியின் காய்ப்புழு வெண்டையிலும் துத்தியிலும் வாழும். செம்பருத்தியில் திரளும் மாவுப்பூச்சி வெண்டைக்கும் வரும். வயலில் வெண்டை இல்லாத மாதங்களில் இப்பூச்சிகள் அழிந்து போவதில்லை. புறம்போக்கிலும் சாலையோரத்திலும் உள்ள துத்தியில் தங்கி, அடுத்த விதைப்புக்காகக் காத்திருக்கின்றன.

இதனின்று ஓர் உண்மை புலனாகிறது. தன் வேலிக்குள் மட்டும் வேலை செய்யும் விவசாயி தன் பயிரை முழுமையாகக் காத்துக் கொள்ள இயலாது. பூச்சிக்குப் பட்டாவும் இல்லை, எல்லைக்கல்லும் இல்லை. ஆகவேதான் விவசாயிகளையும் ஊராட்சி உறுப்பினர்களையும் ஒருங்கே அழைத்து இதைப் பற்றிப் பேச விரும்பினோம்.

முதலில் பூச்சியை அறிவோம்

நோய் இன்னதென்று அறியாமல் மருந்து கொடுக்கும் மருத்துவரை நாம் நம்புவதில்லை. ஆனால் பூச்சி இன்னதென்று அறியாமல், கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் மருந்தைப் பயிரில் தெளிக்கத் தயங்குவதில்லை. இலை மஞ்சளானால் ஒரு மருந்து, காயில் துளை கண்டால் இன்னொரு மருந்து, இரண்டும் பயன் தராவிட்டால் இரண்டையும் கலந்து ஒரு மருந்து என்று பணம் கரைகிறது. வாரம் இரு முறை, அரை மணி நேரம், காலை வேளையில் தோட்டத்தைச் சுற்றி வந்து செடியின் இலையைத் திருப்பிப் பார்த்தால் இச்செலவில் பெரும் பகுதி மிச்சமாகும்.

வெண்டையைத் தாக்கும் பூச்சிகளை மூன்று கூட்டங்களாகப் பிரிக்கலாம். இலையில் சாறு உறிஞ்சுபவை, தண்டையும் காயையும் துளைப்பவை, இலையையும் பூவையும் கடித்து உண்பவை என்பனவே அவை. ஒவ்வொன்றும் தனக்கென ஓர் அடையாளத்தை விட்டுச் செல்கிறது.

சாறு உறிஞ்சுபவை

தத்துப்பூச்சி: இலையின் அடிப்புறத்தில் இளம்பச்சை நிறத்தில், ஆப்பு வடிவில், மிகச் சிறியதாக இருக்கும். தொட்டால் நேராக ஓடாமல் பக்கவாட்டில் நழுவிச் செல்லும். இதை அடையாளங் காண அந்த நடையே போதும். வளர்ந்த பூச்சியின் இரு முன்னிறகுகளின் நுனியிலும் ஒவ்வொரு கரும்புள்ளி உண்டு. தாய்ப்பூச்சி முட்டைகளை இலை நரம்புக்குள் செலுத்தி வைத்துவிடுவதால் அவை நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. சாறு இழந்த இலையின் ஓரம் முதலில் மஞ்சளாகி, பின் மேல்நோக்கிச் சுருண்டு, செம்பழுப்பாகி, நெருப்பில் வாட்டியது போல் கருகும். இளஞ்செடியில் இது மிகுந்தால் வளர்ச்சி அடியோடு நின்றுவிடும்.

அசுவினி: கொழுந்திலும் இலையின் அடியிலும் கூட்டமாக ஒட்டிக் கொண்டிருக்கும். இதன் உடலினின்று வடியும் இனிப்பு நீரால் இலை பிசுபிசுக்கும். அதன்மேல் கரும்பூசணம் படரும். எறும்புகள் செடியில் ஏறி இறங்கினால் அசுவினியோ மாவுப்பூச்சியோ இருக்கிறது என்று ஐயுறலாம்.

வெள்ளை ஈ: செடியை அசைத்தால் வெண்பொடி பறப்பது போல் எழுந்து மீண்டும் இலையடியில் அமரும். இது சாறு உறிஞ்சுவதால் விளையும் தீங்கைவிட, இது சுமந்து வரும் நோயால் விளையும் தீங்கே பெரிது. அந்நோய் மஞ்சள் நரம்புத் தேமல் நோய். இலையின் நரம்புகள் வலைப்பின்னல் போல் மஞ்சளாகும். நாளடைவில் இலை முழுதும் மஞ்சள் படரும். காய் சிறுத்து, வெளிறி, நாராகி, விலை போகாமற் போகும். நம் நாட்டில் இந்நோய் 1924-ல் அன்றைய பம்பாய் மாகாணத்தில் முதன்முதலாகக் குறிக்கப்பட்டது. இதற்குக் காரணம் ஒரு வைரஸ். நோய் கண்ட செடியைக் குணப்படுத்தும் மருந்து எதுவும் இல்லை. இது விதை மூலம் பரவுவதில்லை. வெள்ளை ஈயே ஒரு செடியினின்று மறு செடிக்கு எடுத்துச் செல்கிறது.

இந்நோய் எப்போது தொற்றுகிறது என்பதைப் பொறுத்தே நட்டம் அமைகிறது. 1974-ல் வெளிவந்த ஓர் இந்திய ஆராய்ச்சியில், முளைத்த 35 நாட்களில் நோய் கண்ட செடிகள் விளைச்சலில் நூற்றுக்கு 94 பங்கை இழந்தன. 50 நாட்களில் கண்டபோது 84 பங்கு இழப்பு. 65 நாட்களில் கண்டபோது இழப்பு 49 பங்காகக் குறைந்தது. முதல் ஐந்து வாரங்களில் வெள்ளை ஈயை விலக்கி வைப்பதே பயிரைக் காக்கும் வழி என்பதை இவ்வெண்கள் சொல்லாமற் சொல்கின்றன. காய் பறிக்கத் தொடங்கிய பிறகு ஈயை விரட்டத் துடிப்பது, வெள்ளம் வடிந்தபின் அணை கட்டுவதற்கு ஒப்பாகும்.

மாவுப்பூச்சி: வெண்மையான மாவைப் பூசியது போல் தண்டிலும் கணுவிலும் திரளும். ஓரிரு செடிகளில் தொடங்கும்போதே அச்செடிகளைக் களைந்து அழித்துவிட வேண்டும். மாவு போன்ற மெழுகுப் பூச்சு அதன் உடலைக் காப்பதால், பெருகிய பின் எந்த மருந்தும் எளிதில் அதனைச் சென்று தொடாது.

செஞ்சிலந்தி: இது பூச்சி இனமன்று, எட்டுக் கால்களை உடைய சிலந்தி இனம். வெயில் மிகுந்த வறண்ட காலத்தில் இலையடியில் மெல்லிய நூலாம்படை கட்டும். இலையில் வெளிர்ப் புள்ளிகள் தோன்றும். பூச்சிகளுக்கென்று தெளிக்கும் மருந்துகளில் பல இதனை ஒன்றும் செய்யா. சிலந்தியை உண்ணும் நல்ல பூச்சிகளை அவை கொன்றுவிடுவதால், இது முன்னிலும் மிகுதியாகப் பெருகுவதும் உண்டு.

துளைப்பவை

வெண்டை விவசாயிக்குப் பெருநட்டம் விளைவிப்பது புள்ளிக் காய்ப்புழு. இதில் இரண்டு இனங்கள் உள்ளன. ஒன்றன் அந்துப்பூச்சியின் வெளிறிய முன்னிறகின் நடுவில் பச்சை நிறப் பட்டை ஒன்று ஓடும். மற்றொன்றன் முன்னிறகு முழுவதும் பச்சையாக இருக்கும். புழு பருத்து, பழுப்பு நிறத்தில், உடல் முழுதும் கரும்புள்ளிகளோடு இருக்கும். தாய் அந்து இரவில் வந்து கொழுந்து, மொட்டு, பிஞ்சு ஆகியவற்றின்மேல் முட்டைகளைத் தனித்தனியாக இடும். மூன்று நான்கு நாட்களில் முட்டை பொரியும். புழு ஏறத்தாழ இரண்டு வாரம் உண்டு வளரும். பிறகு படகு போன்ற வெண்ணிறக் கூட்டைக் கட்டிக் கொண்டு செடியிலோ உதிர்ந்த சருகிலோ கூட்டுப்புழுவாகத் தங்கும்.

செடி இளமையாக இருக்கும்போது புழு நுனித்தண்டைக் குடைகிறது. பக்கத்துச் செடிகள் நிமிர்ந்து நிற்க, ஒரு செடியின் நுனி மட்டும் வாடித் தலை கவிழ்ந்தால், அதைக் கிள்ளிப் பிளந்து பாருங்கள். உள்ளே புழு இருக்கும். பூக்கும் பருவத்தில் மொட்டையும் பூவையும் துளைக்க, அவை உதிரும். காய்ப் பருவத்தில் காயைத் துளைத்து உள்ளே செல்ல, காய் வளைந்து கோணும். துளையில் எச்சம் அடைத்திருக்கும். ஒரே புழு ஒரு காயோடு நில்லாது. ஒன்றை விட்டு மற்றொன்றுக்குச் செல்லும். ஆகவே ஒரு புழுவை இன்று அழித்தால் நாளைய பல காய்கள் மிஞ்சும்.

பச்சைக் காய்ப்புழு என்னும் மற்றொன்றும் வெண்டைக்கு வருவதுண்டு. உடலின் நீளவாக்கில் கோடுகள் கொண்ட இப்புழு, வட்டமான பெருந்துளையிட்டுத் தலையை மட்டும் காய்க்குள் நுழைத்து, உடலின் பிற்பகுதியை வெளியே வைத்துத் தின்னும். இதைக் கையாலேயே பொறுக்கிவிடலாம்.

தண்டுக் கூன்வண்டு என்பது தமிழ்நாட்டில் பருத்திக்கும் வெண்டைக்கும் பழைய பகை. இதன் புழு, தரையை ஒட்டிய தண்டினுள் இருந்து குடையும். அவ்விடம் முடிச்சுப் போல் வீங்கும். பலத்த காற்றில் செடி அங்கே முறியும். அடித்தண்டில் வீக்கம் கண்டால் இதன் வேலை என்று அறிக.

கடித்து உண்பவை

இலைச்சுருட்டுப் புழு இலையை ஊதுகுழல் போல் சுருட்டி உள்ளிருந்து தின்னும். சுருண்ட இலையைப் பறித்து நசுக்கினால் போதும், மருந்து வேண்டுவதில்லை. கறுப்பு உடலில் ஆரஞ்சு நிறப் பட்டைகள் கொண்ட கொப்புள வண்டு பூக்களைத் தின்னும். இதனை வெறுங்கையால் பிடித்தால் தோலில் கொப்புளம் எழும். துணியையோ உறையையோ கையில் சுற்றிக் கொண்டு பிடிக்க வேண்டும். இதன் இளம்புழு வெட்டுக்கிளி முட்டைகளைத் தின்னும் நற்குணமும் உடையது. ஆகவே ஓரிரண்டைக் கண்டு கலங்க வேண்டாம். விதைக்காக விட்ட காய்களில் சிவப்பு நாவாய்ப் பூச்சிகள் கூடி விதையின் சத்தை உறிஞ்சும். மண்ணெண்ணெய் சிறிது கலந்த நீருள்ள தட்டில் அவற்றைத் தட்டி விழச் செய்து அழிக்கலாம்.

நம் பக்கம் நிற்கும் படை

தோட்டத்தில் காணும் பூச்சிகள் யாவும் பகைவர் அல்ல. சிவந்த முதுகில் கரும்புள்ளிகளோடு திரியும் பொறி வண்டும் அதன் புழுவும் அசுவினிகளைத் தின்னும். கண்ணாடி போன்ற பச்சை இறகுடைய பூச்சி ஒன்று, மெல்லிய காம்பின் நுனியில் முட்டை வைக்கும். அதன் புழு அசுவினியையும் வெள்ளை ஈயின் குஞ்சுகளையும் உண்ணும். டிரைக்கோகிரம்மா என்னும் மிகச் சிறிய குளவி, காய்ப்புழுவின் முட்டைக்குள் தன் முட்டையை வைத்து, புழு பிறக்கும் முன்பே அதனை முடித்துவிடும். சிலந்திகளும் குருவிகளும் கூலி கேட்காமல் நமக்கு உழைக்கின்றன.

இவற்றின் ஆற்றலுக்கு நம் மாநிலத்திலேயே ஒரு சான்று உண்டு. பப்பாளி மாவுப்பூச்சி என்னும் வெளிநாட்டுப் பூச்சி 2008-ல் கோயம்புத்தூர்ப் பகுதியில் காணப்பட்டு, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி எனப் பல செடிகளில் பரவிப் பெருநட்டம் விளைவித்தது. விவசாயிகள் மருந்து மேல் மருந்து தெளித்தும் அது அடங்கவில்லை. 2010-ல் அப்பூச்சியின் இயற்கைப் பகைவர்களான ஒட்டுண்ணிக் குளவிகள் போர்ட்டோ ரிக்கோவினின்று வரவழைக்கப்பட்டு, பெருக்கப்பட்டு, வயல்களில் விடப்பட்டன. அதன்பின் அம்மாவுப்பூச்சியின் கொட்டம் விரைவில் அடங்கிற்று. கடுகினும் சிறிய குளவி, குடம் குடமாகத் தெளித்த மருந்து செய்யாததைச் செய்து காட்டியது.

இதற்கு மாறான பாடமும் உண்டு. 1980-களின் நடுவில் ஆந்திரப் பிரதேசத்தின் பருத்தி வயல்களில் வெள்ளை ஈ கட்டுக்கடங்காமல் பெருகியது. காய்ப்புழுவுக்கென்று செயற்கைப் பைரித்திராய்டு மருந்துகளை அளவின்றித் தெளித்ததும் அதற்கு ஒரு காரணமெனக் கண்டறியப்பட்டது. நம் படையை நாமே கொன்றுவிட்டால் பகைவனுக்கு வழி திறந்தது போலாகும்.

விதைக்கு முன்னும் பின்னும்

பூச்சியை அடக்கும் வேலை நிலத்தை உழும்போதே தொடங்குகிறது. கோடையில் ஆழ உழுதால் மண்ணிலும் சருகிலும் தங்கிய கூட்டுப்புழுக்கள் வெயிலுக்கும் பறவைக்கும் இரையாகும். கடைசி உழவில் தொழு உரத்தோடு ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் பிண்ணாக்கு இடுவது தண்டுக் கூன்வண்டையும் வேர்முடிச்சு நூற்புழுவையும் குறைக்கும்.

தேமல் நோயைத் தாங்கும் இரகத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு முறை கேட்டு வாழ்நாள் முழுதும் அதையே விதைப்பது சரியன்று. பூசா சவானி என்னும் இரகம் 1960-ஐ ஒட்டி வெளிவந்தபோது இந்நோயைத் தாங்கியது. நாளடைவில் அத்தன்மையை இழந்தது. பிறகு வந்த பர்பானி கிராந்தி, அர்கா அனாமிகா ஆகிய இரகங்களும் பல இடங்களில் முன்போல் தாங்குவதில்லை. ஆகவே ஒவ்வோர் ஆண்டும் வேளாண் அறிவியல் நிலையத்தையோ தோட்டக்கலை அலுவலரையோ கேட்டு, நம் வட்டாரத்தில் இப்போது எது தாங்குகிறது என்று அறிந்து விதை வாங்குக.

தோட்டத்தைச் சுற்றி மக்காச்சோளமோ சோளமோ இரண்டு மூன்று வரிசை நெருக்கமாக, வெண்டைக்குச் சில நாட்கள் முன்னதாகவே விதைத்தால், அது வெள்ளை ஈக்கு ஒரு மதில் போல் நிற்கும். முளைத்த வாரத்திலிருந்தே ஏக்கருக்கு ஐந்து மஞ்சள் ஒட்டுப் பொறிகளைச் செடியின் உயரத்துக்குச் சற்று மேலாக நடுக. தகரத்தில் மஞ்சள் வர்ணம் பூசி, அதன்மேல் விளக்கெண்ணெய் தடவி வீட்டிலேயே இதனைச் செய்து கொள்ளலாம். தேமல் கண்ட செடியை, ஒன்றிரண்டாக இருக்கும்போதே பிடுங்கிப் புதைத்துவிட வேண்டும். "இன்னும் நான்கு காய் காய்க்குமே" என்று அதனை விட்டு வைப்பவர், நானூறு காய்களைப் பணயம் வைக்கிறார்.

காய்ப்புழுவின் அந்துக்களுக்கு ஏக்கருக்கு ஐந்து இனக்கவர்ச்சிப் பொறிகள் போதும். ஆண் அந்துகள் அதில் விழும். அவற்றின் எண்ணிக்கை, பெருக்கம் எப்போது தொடங்குகிறது என்பதை நமக்கு முன்கூட்டியே அறிவிக்கும். பொறியில் அந்து கண்டதும் டிரைக்கோகிரம்மா முட்டை அட்டைகளை, ஏக்கருக்கு 40,000 குளவிகள் என்ற கணக்கில், வார இடைவெளியில் சில முறை கட்டலாம். அட்டை கட்டிய நாட்களில் நச்சு மருந்து எதுவும் தெளிக்கலாகாது.

வாடிய நுனிகளைக் கிள்ளுவதும், துளை கண்ட காய்களைப் பறிப்பதும் எல்லாவற்றிலும் எளிய வேலை. ஆனால் கிள்ளியதையும் பறித்ததையும் வரப்பில் எறிந்தால் பயன் இல்லை. புழு அங்கேயே வளர்ந்து அந்தாகி, மறுபடி அதே தோட்டத்துக்கு வரும். இரண்டடிக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும். காயை ஒரு நாள் விட்டு ஒரு நாள் தவறாமல் பறிப்பதே ஒரு பூச்சி ஒழிப்பு முறைதான். பிஞ்சின்மேல் உள்ள முட்டையும் இளம்புழுவும் அதனோடு வெளியேறிவிடும்.

வேப்பங்கொட்டைச் சாறு

இவ்வளவும் செய்த பிறகும் பூச்சி மிகுந்தால் முதலில் எடுக்க வேண்டிய ஆயுதம் வேப்பங்கொட்டையே. 5 கிலோ வேப்பம் பருப்பை இடித்துத் தூளாக்கி, துணியில் முடிந்து, 10 லிட்டர் நீரில் ஓர் இரவு ஊறவிடுக. காலையில் முடிச்சை நன்கு பிழிந்து, காடாத்துணியில் வடிகட்டி, 200 கிராம் சோப்பைக் கரைத்துச் சேர்த்து, மொத்தம் 100 லிட்டராக்குக. வளர்ந்த பயிர் ஓர் ஏக்கருக்கு இதைப் போல் இரு மடங்கு, அதாவது 10 கிலோ பருப்பும் 200 லிட்டர் கரைசலும் தேவைப்படும். சாறு எடுத்த அன்றே, மாலை வேளையில், இலையின் அடிப்புறம் நனையத் தெளிக்க வேண்டும். கடும் வெயில் அதன் வீரியத்தைக் குறைத்துவிடும்.

கொட்டை பழையதாக இருந்தால் பயன் தராது. சேகரித்து மூன்று மாதத்துக்குக் குறையாமலும் எட்டு மாதத்துக்கு மேற்படாமலும் உள்ள கொட்டையே ஏற்றது. வேப்பஞ்சாறு பூச்சியை உடனே கீழே விழச் செய்வதில்லை. அது உண்ணும் ஆசையைக் கெடுத்து, வளர்ச்சியைத் தடுத்து, முட்டையிடுவதைக் குறைக்கிறது. தெளித்த மறுநாள் பூச்சி உயிரோடு இருப்பதைக் கண்டு நம்பிக்கை இழக்க வேண்டாம்.

இளம் காய்ப்புழுக்களுக்கு பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்னும் நுண்ணுயிர் மருந்தை லிட்டருக்கு 2 கிராம் வீதம் மாலையில் தெளிக்கலாம். புழுவின் குடலைக் கெடுக்கும் இது, மனிதருக்கும் கால்நடைக்கும் தீங்கு செய்வதில்லை.

நச்சு மருந்து கடைசி ஆயுதம்

நச்சு மருந்தே கூடாது என்று நாம் சொல்லவில்லை. கணக்குப் பார்த்து, கடைசியாக எடுக்க வேண்டும் என்கிறோம். ஏக்கரில் அங்கங்கே 20 செடிகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் மேல், நடு, கீழ் என மூன்று இலைகளைத் திருப்பி, தத்துப்பூச்சிக் குஞ்சுகளை எண்ணுங்கள். அறுபது இலைகளில் 120-க்கு மேல், அதாவது இலைக்கு இரண்டுக்கு மேல் இருந்தால் நடவடிக்கை வேண்டும். பறித்த காய்களில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் துளை கண்டால் காய்ப்புழுவுக்கு நடவடிக்கை வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் பொறி வண்டுக்கும் குளவிக்கும் வேலையை விட்டுவிடுங்கள்.

மருந்து வாங்கும்போது சிலவற்றை மறக்கலாகாது. அம்மருந்தின் உறையில் வெண்டைக்கு என்று குறித்திருக்க வேண்டும். பருத்திக்கு வாங்கியதில் மிஞ்சியதை வெண்டைக்குத் தெளிப்பது பெருந்தவறு. மோனோகுரோட்டாபாஸ் என்னும் மருந்தைக் காய்கறிகளுக்குத் தெளிப்பது 2005-லேயே தடுக்கப்பட்டது என்பதை நினைவிற் கொள்க. உறையிலுள்ள முக்கோண அடையாளத்தின் நிறத்தைப் பாருங்கள்: சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, மஞ்சள் அதற்கு அடுத்தது, நீலம் நடுத்தரம், பச்சை குறைந்த நஞ்சு. தெளித்த பின் எத்தனை நாள் காய் பறிக்கலாகாது என்பதும் உறையில் அச்சிட்டிருக்கும். எழுத்துச் சிறியதாயின் பள்ளியில் படிக்கும் பிள்ளையைக் கொண்டு படிக்கச் செய்யுங்கள். பறிக்க வேண்டிய காய் முழுவதையும் பறித்த பிறகே தெளித்து, அந்நாட்கள் கழியும் வரை கூடையை எடுக்காமல் இருக்க வேண்டும். இடையில் முற்றிய காயைப் பறித்துப் புதைக்கும் நட்டம் சிறிது; அதை விற்பதால் வரும் பாவம் பெரிது.

ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பத் தெளித்தால், தாங்கிப் பிழைத்த பூச்சிகளின் சந்ததியே பெருகி, பிறகு அம்மருந்துக்கு அடங்காது. மருந்துகளைக் கலந்து தெளிப்பதும் கூடாது. தெளிப்பவர் முழுக்கைச் சட்டை அணிந்து, மூக்கையும் வாயையும் மூடி, காற்று வீசும் திசையிலேயே நடக்க வேண்டும். வெறும் வயிற்றோடு தெளிக்கலாகாது. தலைசுற்றல், வாந்தி, பார்வை மங்கல் கண்டால் உடனே வேலையை நிறுத்தி, நனைந்த உடையைக் களைந்து, சோப்பிட்டுக் குளிக்கச் செய்து, 108 எண்ணுக்கு அழைத்து, மருந்தின் உறையையும் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்க.

ஊராட்சி செய்யத்தக்கவை

இனி ஊராட்சி மன்ற உறுப்பினர்களிடம் சில வார்த்தைகள். நாம் கேட்பவை பெருஞ் செலவு பிடிப்பவை அல்ல, முன்யோசனை வேண்டுபவை.

முதலாவது, வேப்பங்கொட்டை. ஆனி, ஆடி மாதங்களில் சாலையோரத்து வேப்ப மரங்களின் அடியில் கொட்டை குவிந்து கிடந்து வீணாகிறது. மே முதல் நாள் கூடும் கிராம சபையிலேயே இதைப் பற்றி முடிவு செய்து, மகளிர் சுய உதவிக் குழுக்களைக் கொண்டு சேகரித்து, நிழலில் உலர்த்தி, சாக்கில் கட்டிக் காற்றோட்டமான இடத்தில் வைத்தால், மாசிப் பட்டத்து வெண்டைக்கு உள்ளூரிலேயே மருந்து தயார். சேகரித்தவர்களுக்கு வருவாயும் உண்டு.

இரண்டாவது, துத்தி. விதைப்புக்கு ஒரு மாதம் முன்பே ஊராட்சிக்குரிய பாதையோரம், வாய்க்கால் கரை, புறம்போக்கு ஆகியவற்றில் உள்ள துத்தியை, பூக்கும் முன்பே களைந்துவிட வேண்டும். ஆடிப் பட்டத்துக்கு ஒரு முறையும் மாசிப் பட்டத்துக்கு ஒரு முறையும் இது நடந்தால் நன்று. மருந்துக்காகத் துத்தியைப் போற்றும் பெரியோர்கள் வீட்டுத் தோட்டத்தில் ஓரிரு செடிகளை வைத்துக் கொள்ளட்டும்.

மூன்றாவது, முடிந்த பயிர். விலை வீழ்ந்ததும் பலர் வெண்டையை அப்படியே கைவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகின்றனர். அந்தக் கைவிட்ட தோட்டமே புழுவுக்கும் வெள்ளை ஈக்கும் பிறந்தகம். பக்கத்தில் புதிதாக முளைத்த வெண்டைக்கு நோய் அங்கிருந்தே வருகிறது. கடைசிப் பறிப்பு முடிந்த ஒரு வாரத்துக்குள் செடிகளைப் பிடுங்கி மக்கச் செய்யவோ உழுது மடக்கவோ வேண்டும் என்று கிராம சபையில் ஒரு மனதாக முடிவு செய்யலாம். ஒரு பகுதியில் உள்ளோர் ஏறத்தாழ ஒரே வாரத்தில் விதைப்பதும் இதனோடு சேர்ந்ததே.

நான்காவது, தண்ணீர். தெளிப்பானை ஊர்க் குளத்திலும் குடிநீர்க் கிணற்றருகிலும் கழுவுவதைத் தடுக்க வேண்டும். காலி மருந்துப் புட்டியை மும்முறை கழுவி, அந்நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றி, புட்டியைத் துளையிட்டு நீர்நிலைக்கு அப்பால் புதைக்க வேண்டும். அதில் எண்ணெயோ குடிநீரோ பிடித்து வைக்கும் பழக்கம் உயிரைக் குடிக்கும்.

அன்பர்களே! நாம் இதுவரை சொன்னவற்றில் பெரும்பகுதி கண்ணுக்கும் கைக்கும் உரிய வேலை. இலையைத் திருப்பிப் பார்ப்பது, வாடிய நுனியைக் கிள்ளுவது, நோய்ச் செடியைப் பிடுங்குவது, கொட்டையை இடிப்பது ஆகியவற்றுக்குக் கடன் வாங்க வேண்டியதில்லை. கடைக்காரரிடம் கைகட்டி நிற்க வேண்டியதுமில்லை. ஒருவர் மட்டும் செய்தால் ஓரளவே பயன் தரும். ஊர் கூடிச் செய்தால் ஊர் முழுதும் பயன் பெறும்.

நம் தோட்டத்து வெண்டையைப் பறித்த கையோடு நம் வீட்டு அடுப்பில் ஏற்ற நமக்கே அச்சமில்லையானால், அதைச் சந்தைக்கு அனுப்பும் தகுதி நமக்கு உண்டு. அந்தத் தகுதியை ஒவ்வொரு விவசாயியும் பெற வேண்டும். அதற்கு ஒவ்வோர் ஊராட்சியும் துணை நிற்க வேண்டும். வருகிற விதைப்பிலேயே இதனைத் தொடங்குமாறு அன்போடு கேட்டுக் கொண்டு எம் உரையை முடிக்கிறோம்.